அரிது, தீங்கில்லை

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியிடம் போய்ப் பூச்சி பிரிக்கும் வேலையைக் கொடுத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். கரப்பான் பறந்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவள் நான். அந்துப்பூச்சி என்றால் இன்னும் மோசம். அதன் சிறகுத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். இருபது வயதிலும் அதை நான் முழுதாக நம்பினேன். பிறகு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது, தூளைப் பற்றி நினைக்க நேரம் இல்லாமல் போயிற்று.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. கோலசிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம். ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அம்மா போன பிறகு நான் அக்காவோடு இருந்தேன். அக்கா மருந்து அடிக்கிற பெண்கள் கும்பலில் வேலை பார்த்தாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், ராவாங்கில் லோரி ஓட்டினார், வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். நான் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அக்காவின் சோற்றைத் தின்றுகொண்டு சும்மா இருந்தேன். உயிரியலில் எனக்கு நல்ல தேர்ச்சி என்று யாரோ ஆபீஸில் சொல்ல, "பூச்சியப் பத்திப் படிச்ச பொண்ணு" என்று என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். நான் படித்தது தவளையைப் பற்றி.

தோட்டத்தை நடத்திய துரை வெள்ளைக்காரர் இல்லை, ஈப்போவிலிருந்து வந்த சீனர். ஆனாலும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்களுக்குத் துரைதான். அவர் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்தி வேலையை விளக்கினார். நாற்று மேடைக்குப் பக்கத்தில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அதன் கீழே பெரிய பேசினில் சோப்புத் தண்ணீர் வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் காவல்காரர் பல்பைப் போடுவார். காலையில் தண்ணீரில் விழுந்து கிடக்கும் பூச்சிகளை நான் எடுத்து, இனம் பிரித்து, பெயர் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

"பெயரை நீ சொல். மருந்து அடிப்பதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்," என்றார்.

பெயருக்கு எங்கே போவது என்று கேட்டேன். அலமாரியைத் திறந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். முன்பிருந்த வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போனது. வட ஐரோப்பாவின் அந்துப்பூச்சிகள் என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே பக்கம் பக்கமாக வண்ணப் படங்கள். "எல்லாம் இதில் இருக்கிறது," என்றார். அவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. மருந்து அங்கிருந்து வந்தது, டிராக்டர் அங்கிருந்து வந்தது, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிகூட அங்கிருந்து வந்ததுதான். பூச்சிக்குப் பெயரும் அங்கிருந்துதான் வரும் என்று எடுத்துக்கொண்டோம்.

முதல் வாரம் கைக்குட்டையால் மூக்கையும் கண்ணையும் பாதி மூடிக்கொண்டுதான் பேசினுக்குள் இடுக்கியை விட்டேன். புத்தகம் என்னவோ பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தது. பூச்சி உட்காரும்போது சிறகை எப்படி வைத்துக்கொள்கிறது என்பது முதல் கேள்வி. தட்டையாக விரித்து வைத்தால் ஒரு குடும்பம், கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்து வைத்தால் இன்னொன்று. என் பூச்சிகளோ செத்து மிதந்தன. உயிரோடு இருந்தபோது எப்படி உட்கார்ந்தாய் என்று யாரைக் கேட்பது? அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன். உணர்கொம்பு நூல் மாதிரியா, சீப்பு மாதிரியா? முன்சிறகில் ஒரு வட்டப் புள்ளியும் அதன் பக்கத்தில் அவரைவிதை மாதிரி ஒரு புள்ளியும் இருக்கிறதா? இப்படிக் கேட்டுக்கொண்டே போய், படத்துக்கும் பூச்சிக்கும் ஓரளவு ஒத்துப் போனால் பெயரை எழுதிவிடுவேன். பனி உருகிய பிறகு வெளியே வரும் என்று போட்டிருந்த ஒரு பூச்சியைத் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சோப்புத் தண்ணீரிலிருந்து எடுத்தேன். பனி எங்கே, நாங்கள் எங்கே! அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெயர் வைக்க வைக்க எனக்குப் பயம் குறைந்தது, அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா சொன்னாள்.

"பாப்பா, ரெண்டு மாசம் தள்ளிப் போயிருக்குடி. ஒங்க மாமாவுக்கும் ஒனக்கும்தான் தெரியும். அஞ்சு மாசம் முடியிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. அம்மா மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. முதல் தடவை சந்தோஷத்தில் லயம் முழுக்கச் சொன்னாள், மூன்றாம் மாதம் போய்விட்டது. அடுத்த தடவை மூன்றே பேரிடம் சொன்னாள், நான்காம் மாதம் போய்விட்டது. கண்பட்டுவிட்டது என்றார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான், வயிறு தானாகத் தெரிகிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த இரண்டு தடவையும் அவள் முதுகில் மருந்துப் பம்பு இருந்ததை யாரும் பேசவில்லை. மருந்து அடித்த நாட்களில் அவள் மூக்கில் ரத்தம் வரும், நகம் கறுக்கும், இரண்டு தரம் குளித்தாலும் தலைமுடியில் வாடை போகாது. அது வேலை, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பதுபோல் இருந்தோம்.

"வேலைக்குப் போகாம இருக்கலாமேக்கா," என்றேன்.

"ஏன் வரலன்னு மண்டோர் கேப்பான்லா. கேட்டா லயத்துக்கே தெரிஞ்சிடும். இப்ப உரம்தானே போடுறோம், பம்பு கெடையாது. பூச்சி வந்தாத்தான் பம்பு. பூச்சி வராதுன்னு நெனச்சுக்குவோம்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பூச்சி வந்ததா இல்லையா என்று சொல்கிற ஆள் இந்தத் தோட்டத்தில் நான்தான்.

மறுநாளிலிருந்து பேசினுக்குப் பக்கத்தில் போகவே கால் கூசியது. தண்ணீரில் என்ன கிடக்கிறதோ என்று பார்ப்பதற்கு முன்னால் சாமியைக் கும்பிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் தடித்த, பழுப்பு நிறப் பூச்சிகள் பன்னிரண்டு கிடந்தன. முன்சிறகில் சாய்வாக இரண்டு கறுத்த கோடுகள். அதுவரை நான் பார்க்காத இனம். புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கடைசியில் ஒரு மூலையில் அதே பழுப்பு, அதே இரண்டு கோடு. படித்தேன். இதன் புழு பச்சையாக, கால் தெரியாமல் நத்தை மாதிரி ஊரும். ஓக் மரத்து இலையைத் தின்னும். அங்கங்கே மட்டும் காணப்படும், அரிது. கெடுதல் எதுவும் குறிப்பிடவில்லை.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ஓக் மரத்துக்கும் செம்பனைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பெயரை எழுதி, பக்கத்தில் "அரிது, தீங்கில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். துரைக்கு ஒரே பெருமை. நம் தோட்டத்தில் அரிய பூச்சி என்று என் சீட்டை டைப் அடிக்கச் சொல்லி ஆபீஸ் பலகையில் குத்திவிட்டார். அது நான் தெரியாமல் செய்தது. இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு மாதம் போனது. அக்காவுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. ஒரு மத்தியானம் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சட்டைக் காலருக்கு மேலே தோல் தடித்துச் சிவந்து கிடந்தது.

"மட்டையில இருந்து புழு விழுந்துச்சுடி. பச்சைப் புழு, முதுகெல்லாம் முள்ளு. நெருப்பு வச்ச மாதிரி சுட்டுடுச்சு."

நான் சுண்ணாம்பு தடவினேன். என் கை அவள் கழுத்தைவிடச் சூடாக இருந்தது.

"இது அந்தச் சுடுபுழுடி. ரொம்ப வருஷத்துக்கு முன்ன ஒரு தடவை வந்துச்சு. பலகையில ஒட்டி வச்சிருக்கிறது வேற பூச்சியா?"

"வேறக்கா," என்றேன்.

மருந்துக் கும்பலில் இருந்த பெண்களுக்கு அவர்களுடைய பிரிவினை ஒன்று உண்டு. சுடுகிற புழு, சுடாத புழு, கூடு கட்டித் தொங்குகிற புழு. எது மட்டையைத் தின்னும், எது தின்னாது என்பது அதிலேயே அவர்களுக்குத் தெரியும். ஆபீஸில் அவர்களை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் அவள் உரம் போட்டுக்கொண்டிருந்த பிளாக்குக்கு நானே போனேன். மரங்களின் நெரைக்குள் நுழைந்ததும் தூறல் போடுகிற மாதிரி சத்தம். அண்ணாந்து பார்த்தேன், வானம் வெளுப்பாக இருந்தது. காய்ந்த மட்டைகள்மேல் புழுக்களின் எச்சம் விழுகிற சத்தம் அது. கீழ் மட்டைகள் சிலவற்றில் இலை ஓரம் போய், நடு நரம்பு மட்டும் ஈர்க்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இலையின் அடிப்பக்கம் பச்சைப் புழுக்கள் வரிசையாக. நத்தை மாதிரி ஊர்ந்தன, அது புத்தகத்தில் உள்ளபடிதான். ஆனால் புத்தகத்துப் படத்தில் முள் இல்லை. இவற்றின் முதுகில் முள் கொத்துக் கொத்தாக இருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பாதித்த மரங்கள் அப்போது நான்கைந்து நெரைதான். அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் ஆளை வைத்துப் புழுவைக் கையால் பொறுக்கி, மட்டையை வெட்டி முடித்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. பூச்சி என்றால் பம்பு என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். நெரைக்குள் நின்றுகொண்டு விரல் விட்டு எண்ணினேன். அஞ்சு மாசம் முடிய இன்னும் எட்டு வாரம். எட்டு வாரம் மட்டும் யாரும் அண்ணாந்து பார்க்காமல் இருந்தால் போதும். பிறகு அக்காவே மண்டோரிடம் சொல்லி நாற்று மேடை வேலைக்கு மாறிக்கொள்வாள். அதற்கப்புறம் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம்.

அந்த வாரச் சீட்டிலும் அதே பெயரை எழுதினேன். அரிது, தீங்கில்லை.

அதன் பிறகு நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. பேசினில் முதலில் ஒரு வாரம் எதுவும் இல்லை, கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். புழுக்கள் மண்ணுக்குப் பக்கத்தில் கூடு கட்டிக்கொண்டு உள்ளே இருந்திருக்கின்றன. பிறகு ஒரு காலையில் தண்ணீரே தெரியவில்லை, பேசின் நிறையப் பழுப்புச் சிறகுகள். யாரும் வருவதற்குள் அள்ளி வாய்க்காலில் கொட்டினேன். கையோடு ஒட்டிய தூளைப் பாவாடையில் துடைத்தேன். பத்து நாள் அப்படிக் கொட்டினேன். எண்ணிக்கையில் ஏழு, ஒன்பது என்று வாய்க்கு வந்ததை எழுதினேன். மனிதர்களை ஏமாற்றலாம், அந்தப் பூச்சிகள் முட்டை போட்டுக்கொண்டே இருந்தன.

அடுத்த கூட்டம் புழு வந்தபோது மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. மூன்று பிளாக்கு ஒரு வாரத்தில் எலும்பும் தோலுமாக நின்றது. பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரிந்தது. துரை காடியை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டு நேரே ஆபீஸுக்குப் போனார். மறுநாள் வெளியிலிருந்து ஒரு பூச்சி அதிகாரி வந்தார். நான் இனத்துக்கு ஒன்றாக ஊசியில் குத்தி வைத்திருந்த பூச்சிப் பெட்டியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், சிரித்தார்.

"இந்தக் குடும்பத்தில் அந்த ஊரில் மொத்தமே இரண்டு இனம்தான், இரண்டும் பரம சாது," என்று மலாயில் சொன்னார். "இங்கே இருக்கிறது அதன் ஒன்றுவிட்ட சொந்தம். இது தோட்டத்தையே தின்றுவிடும்."

துரை என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. எழுந்து போய்ப் பலகையிலிருந்த சீட்டைக் கழற்றி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். புத்தகத்தைக் கொடுத்தது அவர் அல்லவா. அவருக்கும் பயம்.

மறுநாள் காலைப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரித்து அனுப்புகிற வரிசை. மண்டோர் பெயர் பெயராகக் கூப்பிட்டார். மருந்துக் கும்பல் மொத்தமும் பம்பு. அதுவரை அடித்ததைவிடக் கடுமையான மருந்து, மேலே மட்டை வரைக்கும் அடிக்க வேண்டும், அடித்தது திரும்ப ஆள்மேலேயே விழும். அக்கா பம்பைத் தூக்கி முதுகில் மாட்டுவதை ஆபீஸ் வராந்தாவில் நின்று பார்த்தேன். அப்போது நான்கரை மாதம். தளர்வான ஆண் சட்டைக்குள் வயிறு தெரியவில்லை. என் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

ஆறு நாள் அப்படிப் போனாள். தினமும் சாயங்காலம் நான் அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிடச் சொல்லி அழுதேன், அவள் விடவில்லை. "இன்னும் பதினாலு நாள்தான்டி. இத்தன நாள் இருந்துட்டு இப்பக் கெடுத்துடாத." ஐந்தாம் நாள் வாந்தி எடுத்தாள். மாசமாக இருந்தால் எடுப்பதுதான் என்றாள்.

ஏழாம் நாள் பெரட்டில் மண்டோர் அவள் பெயரைக் கூப்பிட்டதும் நான் வராந்தாவிலிருந்து இறங்கி ஓடினேன். எல்லாருக்கும் முன்னால் அவள் பம்பைப் பிடித்துக்கொண்டு, "எங்கக்கா மாசமா இருக்கா! அவளப் போட வேணாம்!" என்று கத்தினேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மண்டோர் நல்ல மனிதர், உடனே பம்பை வாங்கி வைத்துவிட்டு, நாற்று மேடைக்குப் போம்மா என்றார். பெண்கள் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, நாற்று மேடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வலி வந்தது. தோட்டத்து வேனில் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். வழி முழுக்க என் விரல்களை நெரித்துக்கொண்டே வந்தாள். டாக்டர் முடிந்ததைச் செய்தார். பையன் என்றார்கள். ஏன் இப்படி ஆனது என்று மாமா கேட்டதற்கு, இதற்கெல்லாம் ஒரே காரணம் என்று சொல்ல முடியாது என்றார். மருந்தா, முன்பே இருந்த குறையா, எது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆறு நாளும் அவள் முதுகில் பம்பு ஏறியது எதனால் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மாமா வேலைக்குப் போன பிறகு, அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் கஞ்சியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"நீ பெரட்டுல சொல்லாம இருந்திருந்தா தங்கியிருக்கும்டி," என்றாள். "இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. அத்தன பேரு கண்ணு."

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. பேசினிலிருந்து வாய்க்காலுக்குக் கொட்டியது, நெரையில் நின்று விரல் விட்டு எண்ணியது, தெரிந்தே அதே பெயரை எழுதியது. சொன்னால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இருக்க மாட்டாள் என்று பயந்தேன். அம்மா போன பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

"ஆமாக்கா. என் வாய்தான்," என்றேன்.

அவள் மெல்லத் திரும்பினாள். என் கையை எடுத்துத் தன் கன்னத்தின் கீழே வைத்துக்கொண்டாள்.

"விடு, அழாத. நீ வேணும்னே ஒன்னும் செய்யலையே," என்றாள்.

அவளுக்கு அதன் பிறகு உண்டாகவில்லை. அன்றைக்குக் கஞ்சி ஆறிப் போகிற வரைக்கும் அவள் கன்னத்தின் கீழிருந்து என் கையை நான் எடுக்கவில்லை.